கோடைப் பௌர்ணமி: எந்த மாலை, எந்தத் திசை

நாட்காட்டியில் பௌர்ணமி என்று போட்டிருக்கும் நாளில் மெரினாவுக்குப் போய், நிலா எங்கே என்று தேடிவிட்டு, சுண்டல் சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் சென்னையில் நிறைய. நிலா அன்று எழாமல் இல்லை. சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னாலேயே எழுந்து, வெளிச்சம் குறையாத வானத்தில் வெளிறிப்போய், கடலோரப் புழுதிமூட்டத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் மேலேறியிருக்கும். மறுநாள் மாலை, பௌர்ணமிதான் முடிந்துவிட்டதே என்று எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, இருட்டத் தொடங்கிய கடல் விளிம்பில் துலக்கிய செம்புத் தாம்பாளமாக அது எழும். பார்க்க ஆளிருக்காது.

இதில் நாட்காட்டி மேல் குற்றமில்லை. திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலான கோணக் கணக்கு. 12 பாகைக்கு ஒரு திதி. இடைவெளி 168 பாகையைத் தொடும்போது பௌர்ணமித் திதி தொடங்குகிறது, 180 பாகையில் முடிகிறது. நிலா முழுமையாவது அந்த 180-இல்தான், அதாவது திதி முடிந்து பிரதமை பிறக்கும் கணத்தில். நிலாவின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். விரதத்துக்கும் கிரிவலத்துக்கும் திதி தொடங்கும் நேரம் வேண்டும். நிலா பார்க்கப் போகிறவருக்கு வேண்டியது முடியும் நேரம். நாட்காட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படித்தால் போதும், மற்றதெல்லாம் எளிய கணக்கு.

நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. கோடையில் அது 55 நிமிடம் வரை போகும். ஆக, மணிக்கு இரண்டு நிமிடம், கொஞ்சம் கூடுதல். திதி முடிகிற நேரம் சூரிய மறைவோடு ஒட்டி வந்தால், ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறும். திதி, மறைவுக்குப் பிறகு 10 மணி நேரம் கழித்து முடிந்தால் அன்றைய நிலா, சூரிய மறைவுக்கு 20 நிமிடத்துக்கும் மேல் முந்தி எழுந்துவிடும். மறைவுக்கு 10 மணி நேரம் முன்பே முடிந்திருந்தால் 20 நிமிடத்துக்குமேல் பிந்தி எழும். சென்னையில் சூரியன் மறைவது ஏப்ரல் நடுவில் 6:20, மே நடுவில் 6:26, ஜூன் நடுவில் 6:35 சுமாருக்கு. மறைந்து 22 நிமிடம் வரை வானத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். நிலா எழ வேண்டியது இந்த இடைவெளிக்குள், அல்லது இது முடிகிற தறுவாயில். அப்போதுதான் வானம் கருநீலமாகவும் நிலா செம்மஞ்சளாகவும் ஒன்றோடொன்று எடுத்துக்காட்டும்.

உதாரணத்துக்கு 2026. மே 1 அன்று சித்ரா பௌர்ணமி, முழுநிலாக் கணம் இரவு 10:53. மறைவுக்கு நாலரை மணி நேரம் பிறகு என்பதால் நிலா சூரிய மறைவுக்குச் சற்று முன்னரே எழும். போகலாம், ஆனால் முதல் கால் மணி நேரம் தேட வேண்டியிருக்கும். மே 31-இல் அடுத்தது, பிற்பகல் 2:15. சூரிய மறைவை ஒட்டி, சில நிமிடம் பிந்தி நிலா எழும். இதைவிடப் பொருத்தமான மாலை கோடையில் அமைவது அரிது. ஆனி மாதத்தது ஜூன் 30 அதிகாலை 5:27-க்கு முழுமை. நாட்காட்டி ஜூன் 29-ஐத்தான் பௌர்ணமி என்று காட்டும். கடற்கரைக்குப் போக வேண்டியதோ 30-ஆம் தேதி. அன்று நிலா எழும்போது 7 மணி தாண்டியிருக்கும், வானமும் இருண்டிருக்கும். முழுமை கடந்து பதின்மூன்று மணி நேரம் ஆன நிலாதான், ஆனால் அந்த வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

மே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வருவதால் 2026-இல் 'ப்ளூ மூன்' என்று வாட்ஸ்அப்பில் நீல நிலாப் படங்கள் சுற்றும். நிலா நீலமாகாது. தமிழ்க் கணக்கில் ஒன்று சித்திரையிலும் மற்றது வைகாசியிலும் விழுகிறது, இரட்டை எதுவும் இல்லை. ஏப்ரலுக்கு 'பிங்க் மூன்', ஜூனுக்கு 'ஸ்ட்ராபெர்ரி மூன்' என்பவையும் இப்படித்தான். அவை வட அமெரிக்காவில் அந்தந்தப் பருவத்துப் பூவையும் பழத்தையும் வைத்து வந்த பெயர்கள். நம் ஊர் ஆனிப் பௌர்ணமிக்குப் பழம் வேண்டுமென்றால் காரைக்காலில் மாங்கனித் திருவிழாவே இருக்கிறது.

அச்சிட்ட பஞ்சாங்கத்தில் நேரம் நாழிகையில் இருந்தால் தடுமாற வேண்டாம். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு வினாடி 24 செகண்ட், எண்ணிக்கை அன்றைய சூரிய உதயத்திலிருந்து. பௌர்ணமி 41 நாழிகை 30 வினாடி என்றால் 16 மணி 36 நிமிடம். உதயம் 5:45 என்றால் இரவு 10:21-க்கு முடிகிறது. பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும், இன்றைய வானியல் கணக்கை வைத்த திருக்கணிதமும் திதி முடிவில் மணிக்கணக்கில் வேறுபடுவதுண்டு. வீட்டுப் பூஜைக்கு எது வழக்கமோ அதையே வைத்துக்கொள்ளலாம். வானத்தைப் பார்க்கத் திருக்கணிதம்தான் சரி, அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

அடுத்தது திசை. கோடைப் பௌர்ணமியின் குணமே இதில்தான் இருக்கிறது. முழுநிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். மார்கழியில் சூரியன் எந்த வழியில் போகிறதோ, ஏறத்தாழ அதே வழியில் ஆனிப் பௌர்ணமி நிலா போகும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள் சென்னையில் நண்பகல் நிழல் காணாமல் போகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் 18 வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். நள்ளிரவு முழுநிலா தெற்கே இருக்கும்.

எண்களில் சொன்னால், சித்ரா பௌர்ணமி நிலா கிழக்கிலிருந்து 13 பாகை சுமாருக்குத் தெற்கே தள்ளி எழுகிறது. சென்னைக் கடற்கரையும் நேர் வடக்கு தெற்காக இல்லை. மாமல்லபுரத்திலிருந்து துறைமுகம் வரை சற்றே வடகிழக்காகச் சாய்ந்து போகிறது. அதனால் அலைக்கு நேர் முகமாக நின்றாலே சித்திரை நிலா எதிரில் வரும். ஆனியில் அது கிழக்கிலிருந்து 24 முதல் 29 பாகை வரை தெற்கே போய்விடும். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகை மறைக்கும். ஆக, கடலைப் பார்த்து நின்று வலப்பக்கம் ஒன்றரை முட்டி தள்ளித் தேடுங்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலை அருகே நிற்பவர் நேர் கிழக்கே பார்த்துக்கொண்டு நிலா எழவில்லை என்று சொல்வது ஜூனில் சகஜம்.

உச்சிக்கு வரும்போதும் அது உயரம் போகாது. சித்திரையில் சுமார் 64 பாகை, வைகாசியில் 56 சுமார், ஆனியில் 53-ஐ ஒட்டி, கொஞ்சம் முன்பின். நிலாவின் பாதை 18.6 ஆண்டுக்கு ஒரு முறை தெற்கு எல்லையை மேலும் தள்ளிப்போடும். 2025 ஜூன் 11 பௌர்ணமி அப்படிப்பட்டது, சென்னையில் 49 பாகைக்கு மேல் ஏறவில்லை. மாறாக மாசி மகத்து நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும், மார்கழி நிலா தலையைக் கடந்து வடக்கே சாயும். இதன் நடைமுறைப் பயன் அடுக்குமாடிக்காரர்களுக்கு. தெற்குப் பார்த்த பால்கனி இருந்தால் கோடையின் மூன்று பௌர்ணமிகளையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கழுத்தை முறிக்காமல் பார்க்கலாம். மார்கழியில் அதே பால்கனியில் ஒன்றும் தெரியாது. உச்சிக்கு வருகிற நேரம் 12 மணி அல்ல, அரை மணி கூடக் குறைய ஆகலாம். இந்திய நேரம் நம் தீர்க்கரேகைக்கானது இல்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வான்காணகத்தை வைத்து ஒரு காலத்தில் ஓடிய மதராஸ் நேரம் இன்றைய கடிகாரத்துக்கு 9 நிமிடம் பின்னால் இருந்தது.

இனி அர்த்தத்துக்கு வருவோம். சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம், முழுநிலா மூன்றும் சேர்வது சித்ரா பௌர்ணமி என்பார்கள். பூம்புகாரின் இந்திர விழாவைச் சிலப்பதிகாரம் அந்தச் சேர்க்கையில்தான் தொடங்கி வைக்கிறது. ஆனால் எல்லா ஆண்டும் மூன்றும் சேராது. முழுநிலா ஏப்ரல் 20 வாக்கில் முடிந்துவிட்டால்தான் அந்தக் கணத்தில் நிலா சித்திரை நட்சத்திரத்தில் இருக்கும். மே 4 வரை என்றால் சுவாதி, அதற்கும் பிந்தினால் விசாகம். 2025-இல் சித்ரா பௌர்ணமி மே 12 அன்று வந்தது. நிலா முழுமையானபோது விசாகத்தில் இருந்தது. அதே நாள்தான் புத்த பூர்ணிமாவும், ஏனென்றால் நிலாவை வைத்து எண்ணும் சாந்திரமான வைசாகமும் சூரியனை வைத்து எண்ணும் சூரியமானச் சித்திரையும் அந்த ஆண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. வைகாசி விசாகம் ஜூன் 9, அந்த மாதப் பௌர்ணமி 11. நட்சத்திரத்தை வைத்து முருகன் கோயிலுக்குப் போய்விட்டு அன்றே முழுநிலாவும் பார்க்கலாம் என்று நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

சித்திரை விண்மீன் நிலாவுக்குப் பக்கத்தில் எப்படித் தெரியும் என்றால், வெண்ணீல நிறத்தில், நிலா வெளிச்சத்தையும் மீறித் தெரிகிற ஒரே புள்ளியாக. நிலாவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு தேடினால் அகப்படும். மே கடைசிப் பௌர்ணமியில் பக்கத்தில் சிவப்பாகத் தெரிவது கேட்டை. 2026 மே 31 நிலா அதற்கு வெகு அருகில் இருக்கும்.

சித்ரா பௌர்ணமி சித்ரகுப்தனுக்கு உரிய நாள். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. வீட்டில் மாக்கோலத்தில் ஏடும் எழுத்தாணியும் வரைந்து, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைப்பார்கள். அவர் பசுவின் வயிற்றில் பிறந்தவர் என்ற கதையால், விரதம் இருப்பவர்கள் அன்று பசும்பால், தயிர், நெய் தொடுவதில்லை. உப்பில்லாமல் சாப்பிடும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதும், தேனி எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒரு நாள் திறப்பதும் இந்தப் பௌர்ணமியில்தான். கன்னியாகுமரியில் மறையும் சூரியனையும் எழும் நிலாவையும் ஒரே இடத்தில் நின்று கடல்மேல் பார்க்கலாம். சென்னையில் அது முடியாது. நமக்குச் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால்தான் இறங்கும்.

எழும்போது பார்க்க வேண்டியவை சில. வெளியிட்ட எழுநேரத்தில் கடல்கோட்டில் ஒன்றும் தெரியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னைக் கடல்மேல் ஈரப்பதமும் உப்புத்துகளும் சேர்ந்த மூட்டம் இரண்டு பாகை உயரம் வரை நிலாவை விழுங்கிவிடும். நம் அட்சரேகையில் நிலா செங்குத்தாக, மணிக்கு 13 பாகை வீதம் ஏறுவதால் அந்த மூட்டத்தைக் கடக்க 8 முதல் 10 நிமிடம் ஆகும். மேகம் என்று நினைத்துப் பலர் எழுந்து போவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். முதலில் தெரிவது மங்கிய செங்கல் நிறம், வட்டமும் நசுங்கியிருக்கும். காற்று ஒளியை வளைப்பதில் கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட அதிகமாகத் தூக்கப்படுகிறது. கடல்கோட்டை ஒட்டியிருக்கும்போது உயரத்தில் ஆறில் ஒரு பங்கு வரை காணாமல் போகும். நீர்மேல் வெளிச்சத் தடம் விழுவது நிலா ஐந்து பாகை ஏறிய பிறகு. அதாவது எழுந்து அரை மணிக்குச் சற்று முன்னதாகத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் வரை அது அழகாக இருக்கும். ஏழு மணிக்கு வந்து ஏழேகாலுக்குப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம். பேப்பர் பஞ்ச் போட்ட ஒரு தாளைக் கையை முழுக்க நீட்டிப் பிடியுங்கள். துளை 6 மில்லிமீட்டர், கண்ணிலிருந்து தூரம் 60 சென்டிமீட்டர். நிலா அந்தத் துளைக்குள் மட்டுமட்டாக அடங்கும். நள்ளிரவில் திரும்பச் செய்து பார்த்தாலும் அதே அளவுதான். கணக்கின்படி அடிவானத்து நிலா ஒன்றரை சதவீதத்துக்கு மேல் சிறியதுகூட, பூமியின் ஆரம் அளவுக்கு அது நம்மிடமிருந்து தள்ளியிருப்பதால். சூப்பர் மூன் என்ற ஆரவாரத்தையும் இதே துளையால் அளக்கலாம். மிக அருகே 3,56,500 கிலோமீட்டர், மிகத் தொலைவில் 4,06,700. அளவில் 14 சதவீத வித்தியாசம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், மாதங்கள் இடைவிட்டுப் பார்க்கும்போது தெரியாது. 2026 மே 31 நிலா அந்த ஆண்டின் மிகத் தொலைவான முழுநிலா. அதை யாரும் குறையாகச் சொல்லப்போவதில்லை.

கறைகளைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பத்து மடங்கில் நிலா ஆடும். எழும்போது உச்சியை ஒட்டித் தனியாக நிற்கும் சின்னக் கருவட்டம் மாரே கிரிசியம். வலப்பக்கம் வெள்ளைக் கோடுகள் பீறிட்டுக் கிளம்பும் இடம் டைக்கோ என்ற பள்ளம். முயல் காதை மேலே தூக்கி நிற்பது எழும்போது மட்டும்தான். உச்சிக்கு வரும்போது வலப்பக்கம் சாய்ந்துவிடும், விடியலில் மேற்கே இறங்கும்போது தலைகீழாகிவிடும். பாட்டி வடை சுடுவதைக் குழந்தைக்குக் காட்டுவதாக இருந்தால் எந்த மணிக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் பள்ளங்களைப் பார்க்க முழுநிலா மோசமான இரவு. வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே கிடையாது. பள்ளம் வேண்டுமென்றால் வளர்பிறை அஷ்டமியிலிருந்து தசமிக்குள் பாருங்கள்.

போனில் எடுத்தால் வெள்ளைப் பொட்டு மட்டும் வருவதற்குக் காரணம், கேமரா இருண்ட வானத்தைப் பார்த்து ஒளியைக் கூட்டிக்கொள்வது. நைட் மோட் இன்னும் கெடுக்கும். ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ 50 அல்லது 100, டெலி லென்ஸ், மூட்டத்தில் இருக்கும்போது ஷட்டர் 1/250, நன்றாக ஏறிய பிறகு 1/1000. பெரிய கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/125-இல் தொடங்கி, அடிவானத்தில் இரண்டு மூன்று ஸ்டாப் கூட்டலாம். லென்ஸின் குவியத்தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் நிலாவின் அளவு கிடைக்கும். 200 மில்லிமீட்டர் லென்ஸில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் நிலாவை மட்டும் எடுக்காமல் ஒரு கட்டுமரத்தையோ கலங்கரை விளக்கத்தையோ சேர்த்து எடுப்பதே உசிதம். அதற்கு வெளிச்சம் மிச்சமிருக்கும் மாலை வேண்டும், மேலே சொன்ன திதிக் கணக்கு இங்கேயும் உதவும்.

சென்னைக்கே உரிய தொல்லை ஒன்று: ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனிபடிந்துவிடும். மே மாதக் கடலோரக் காற்றில் 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் பூக்கும். துடைத்தால் உப்போடு சேர்ந்து கோடு விழும். பையை மூடியபடியே 20 நிமிடம் வெளியில் வைத்திருந்துவிட்டு எடுங்கள். ஸ்டாண்டின் கால்களை மணலில் அழுத்திப் புதைத்த பிறகுதான் கேமராவை மாட்ட வேண்டும், அலை வந்து போன ஈர மணல் வேண்டாம். பௌர்ணமியில் ஏற்றம் வழக்கத்தைவிட அதிகம், காய்ந்த மணல் என்று நம்பி வைத்த செருப்பு நனையும். இரவில் கடலில் இறங்குவது எந்தத் திதியிலும் வேண்டாம்.

இடம் என்றால் மெரினாவில் உயர்கோபுர விளக்குகளை முதுகுக்குப் பின்னால் தள்ளி, தண்ணீர் ஓரம் வரை நடந்துவிட வேண்டும். பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவிடத்துக்கு வடக்கே கூட்டம் குறைவு. இருட்டு வேண்டுமென்றால் திருவான்மியூருக்குத் தெற்கே நீலாங்கரை, கோவளம் வரை போகலாம். இந்தக் கரையில் ஏப்ரல், மே வரை பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போகும். அவை வெளிச்சத்தைத்தான் நோக்கி நகரும், டார்ச்சும் ஃபிளாஷும் அவற்றைச் சாலைப் பக்கம் திருப்பிவிடும். விளக்கு கட்டாயம் என்றால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.

நிலாச்சோற்றுக்குப் புளியோதரையே முதல் தேர்வு. ஒரு டம்ளர் அரிசிக்கு எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய் மூன்று கரண்டி. சாதத்தை ஆறவிட்டுக் கிளறினால் குழையாது. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் வடிந்து மேல்சோறு கெட்டுப்போகும். தயிர்சாதம் எடுத்துப்போனால் ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, ஆறியதும் ஒன்றரை டம்ளர் காய்ச்சி ஆறிய பால், இரண்டு கரண்டி தயிர். மூன்று மணி நேரத்தில் வெயில் காலத்துக்கு அளவாகத் தோய்ந்திருக்கும். தயிரைக் கூட்டிப் பாலைக் குறைத்தால் நிலா எழுவதற்குள் புளித்துவிடும். சித்ரகுப்த விரதக்காரர்களுக்கு இது ஆகாது, எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் ஆகும்.

ஜூனில் ஒரு சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வந்த பிறகு சென்னைக்கு மழைமேகம் மேற்கிலிருந்துதான் வரும், அதுவும் மாலையில். மதியம் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் திரண்டு, காஞ்சிபுரம் தாண்டி, இரவில் நகரத்தைத் தொடும். கிழக்கே கடல்மேல் அதுவரை வானம் திறந்திருக்கும். அதனால் ஆனிப் பௌர்ணமியில் நள்ளிரவை நம்பாமல் எழும் நேரத்தையே குறிவைக்க வேண்டும். மாலை 5 மணிக்கு வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படத்தைத் திறந்து பாருங்கள். காஞ்சிபுரத்துக்கு இந்தப் பக்கம் சிவப்புத் திட்டுகள் வந்துவிட்டிருந்தால் அன்று போக வேண்டாம். மறுநாள் போகலாம். முழுமை கடந்து ஒரு நாள் ஆன நிலாவிலும் 98 சதவீதத்துக்கு மேல் ஒளி இருக்கும், எழுவது மட்டும் 50 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும்.